அண்ணன் தம்பி பங்கு

இன்று ரயிலில் அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகளை, அதாவது நடந்ததை வருடவாரியாகப் பதிந்த பழைய நூலை, படித்துக்கொண்டே வந்தேன். ஒரு வரியில் கண் நின்றுவிட்டது.

802. வடக்கு ஈ நீல் வம்சத்து அரசன் ஆயித் படையோடு மிதே நாட்டுக்குள் வருகிறான். இறந்துபோன மன்னன் டொன்னஹத்தின் மகன்கள் கொன்கோவர், ஆலில் இருவருக்கும் நாட்டைப் பிரித்துக் கொடுக்கிறான்.

803. அந்த இருவருக்கும் போர். ஆலில் செத்தான், கொன்கோவர் வென்றான்.

அவ்வளவுதான். அழுகை, காரணம் எதுவும் எழுதவில்லை.

அங்கே மூத்த மகனுக்கே பட்டம் என்ற கட்டாயம் இல்லை. அண்ணன், தம்பி, சித்தப்பா, பங்காளி எல்லோருக்கும் அரியணையில் உரிமை உண்டு. கூடப் பிறந்தவனே முதல் எதிரி. பங்கு பிரித்துக் கொடுத்த ஆயித்துக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

கொன்கோவர் 819-இல் தாராவின் அரசனானான், அதாவது அயர்லாந்து அரசர்களில் முதன்மையானவன்.

இறங்க வேண்டிய நிலையம் தாண்டியும் அந்த ஆலில் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.