பழம் பழுத்த சரிவில் கரடிக்காகக் காத்திருந்தது

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லைசன்ஸ் வாங்கிக்கொண்டு கருங்கரடி வேட்டைக்குப் போகலாம். ஆனால் தீனி கொட்டி வைத்து வரவழைக்கக் கூடாது, நாய்களை விட்டு விரட்டவும் கூடாது. 1996இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த தடை அது. எனக்கு இந்தத் தடை மிகவும் பிடித்திருக்கிறது. நாமே நடந்து, நாமே கண்டுபிடித்தால்தான் உண்டு. எனக்கு அதற்கு மூன்று வருடம் ஆனது.

1972 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் இங்கே வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தால்தான் லைசன்ஸ் வாங்க முடியும். அதை முடித்தேன். நான் போக நினைத்தது வடக்கு கேஸ்கேட் மலைப் பக்கம். கிரிஸ்லி என்ற வேறு வகைக் கரடியும் தென்பட வாய்ப்புள்ள பகுதி என்பதால் அங்கே போகிறவர்கள் கரடி அடையாளத் தேர்விலும் தேற வேண்டும். நிறத்தை நம்பக் கூடாது என்பதுதான் அதில் முதல் பாடம். பெயர்தான் கருங்கரடி, காப்பிக்கொட்டை நிறத்திலும் இலவங்கப்பட்டை நிறத்திலும் இருக்கும். கிரிஸ்லிக்குத் தோளில் திமில் எழும்பி நிற்கும், முகம் நடுவில் குழிந்திருக்கும், காது குட்டையாக உருண்டிருக்கும். கருங்கரடிக்குத் திமில் கிடையாது, நெற்றியிலிருந்து மூக்கு வரை நேராக இருக்கும், காது நிமிர்ந்திருக்கும். தேர்வு முடிந்த பிறகும் பல வாரம் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தவறு செய்துவிட்டு வருத்தப்படுகிற விஷயம் இல்லை இது.

முதல் வருடம் அடர்ந்த காட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு கரடிகூடக் கண்ணில் படவில்லை. என்னுடன் வேலை செய்யும் நண்பர் இதில் நல்ல அனுபவம் உள்ளவர். கரடி எங்கே இருக்கிறது என்று தேடாமல், இந்த வாரம் அதற்குச் சாப்பாடு எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னார். அதிலிருந்துதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

குளிர்கால உறக்கத்துக்கு முன் கரடி ஒரு நாளில் 20,000 கலோரி வரை சாப்பிடும். மலையின் மேல்பகுதியில் அதற்கு முக்கியச் சாப்பாடு ஹக்கிள்பெர்ரி. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், கருநீலம். அத்தனை சின்னப் பழத்தால் அவ்வளவு பெரிய வயிறு நிறைய வேண்டுமென்றால் மணிக்கணக்காக ஒரே சரிவில் மேய்ந்தாக வேண்டும். நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதுதான். பழைய காட்டுத்தீயில் எரிந்த சரிவுகள், பனிச்சரிவு மரங்களை வழித்துக்கொண்டு போன ஓடைகள் என வெயில் விழும் இடங்களில் செடி நன்றாக வரும். செப்டம்பரில் இலை சிவந்துவிடுவதால் தூரத்திலிருந்தே தெரியும்.

இரண்டாம் வருடம் அப்படி ஒரு சரிவைக் கண்டுபிடித்தேன். பாதையில் ஊதா நிறத்தில் எச்சம், அதில் செரிக்காத பழத்தோல், விதை. உளுத்த கட்டைகள் எறும்புக்காகக் கிழிக்கப்பட்டிருந்தன. எதிர்ச் சரிவில் உட்கார்ந்து, பைனாகுலரை டிரைபாடில் பொருத்தி, மலையைப் பட்டை பட்டையாகப் பிரித்துக்கொண்டு பார்த்தேன். எரிந்த கட்டை ஒவ்வொன்றும் கரடி மாதிரிதான் தெரியும். நான்கரை மணிக்கு ஒரு கட்டை நகர்ந்தது.

அவசரப்பட்டேன். உடனே பள்ளத்தில் இறங்கிக் கீழிருந்து மேலே ஏறினேன். சரிவில் இன்னும் வெயில் இருந்தது. சூடான காற்று மேல்நோக்கிப் போகும், அதோடு என் வாசனையும் போகும். கரடி தலையைத் தூக்கி மூக்கை இரண்டு முறை ஆட்டியது, அவ்வளவுதான். புதர் ஆடியது மட்டும் தெரிந்தது. கண்ணுக்குப் படாமல் ஒளிந்து போய்விடலாம், அதன் மோப்பத்துக்குத் தப்ப முடியாது.

மூன்றாம் வருடம் சின்ன டப்பாவில் முகப்பவுடர் கொண்டுபோனேன். கொஞ்சம் ஊதிவிட்டால் காற்று போகும் திசை தெரியும். செப்டம்பர் இரண்டாம் வாரம், மூன்று மணியிலிருந்தே எதிர்ச் சரிவில் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது தாயும் இரண்டு குட்டியும். குட்டியோடு இருக்கும் தாயைச் சுட வேண்டாம் என்று வனவிலங்குத் துறை கேட்டுக்கொள்கிறது. அவை சாப்பிட்டு முகட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரைக்கு வேறு ஒன்று வந்தது. தனியாக இருப்பது போலத் தெரிந்தாலும் குட்டிகள் பின்தங்கி வரலாம், மரத்தில் இருக்கலாம். நாற்பது நிமிடம் சுற்றுவட்டாரம் முழுவதும் பார்த்தேன். எதுவும் வரவில்லை. திமில் இல்லை, முகம் நேராக இருந்தது.

சரிவில் நிழல் விழும் வரை அசையவில்லை. வெயில் போனதும் காற்று குளிர்ந்து கீழே இறங்கும். பவுடரை ஊதினேன், என் முழங்காலைத் தாண்டிக் கீழே போனது. அப்புறம்தான் ஏற ஆரம்பித்தேன். சுமார் 130 மீட்டர் தூரத்தில் ஒரு பாறை. அதில் பையை வைத்து, ரைஃபிளை அதன் மேல் வைத்தேன். கரடியின் ரோமம் அடர்த்தி என்பதால் உடல் எங்கே முடிகிறது என்று தெரியாது. பக்கவாட்டில் திரும்பி முன்காலை எடுத்து வைக்கும் வரை காத்திருந்து, தோளுக்குச் சற்றுப் பின்னால் சுட்டேன். இருபது அடி ஓடி விழுந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தபோது உதடும் நாக்கும் ஊதாவாக இருந்ததைப் பார்த்தேன். பற்களுக்கு இடையில் ஒரு சிவந்த இலை. கொஞ்ச நேரம் கை ஓடவில்லை.

ஆனால் தாமதிக்க முடியாது. தோலும் கொழுப்பும் சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும், இறைச்சி சீக்கிரம் கெட்டுவிடும். தலைவிளக்கு வெளிச்சத்தில் தோலுரித்து, துணிப்பைகளில் கட்டி, இரண்டு நடையாகச் சுமந்து வண்டிக்கு வரும்போது மணி இரண்டு. கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பல்லை எடுத்துத் துறைக்கு அனுப்ப வேண்டும், கட்டாயம். அதை வைத்துக் கரடியின் வயதைக் கணக்கிடுகிறார்கள்.

சமைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரடி இறைச்சியில் ட்ரைக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்தால் அது செத்துவிடும் என்று நம்ப முடியாது. உள்பக்கம் 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும், தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள். நாங்கள் மிளகு அரைத்துவிட்டுக் குழம்பாக நீண்ட நேரம் கொதிக்க வைத்தோம். கொழுப்பை உருக்கியதும் வெண்ணெய் போல வெள்ளையாக உறைந்தது.

இந்த வருடமும் அதே சரிவுக்குப் போய்ப் பார்த்தேன். செடிகளில் பழம் பிடிக்கவே இல்லை, எச்சமும் இல்லை. வரும் சனிக்கிழமை வடக்கே அடுத்த பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிறேன்.