அறுபது டிகிரியோடு நின்றுபோன வரைபடம்

5.8 கிகாஹெர்ட்ஸில் எட்டு பேட்ச் (பலகையில் அச்சிட்ட சிறு செவ்வக ஆன்டெனா) கொண்ட நேர்வரிசை ஆன்டெனா ஒன்றையும், அதன் பிறகு எட்டுக்கு எட்டாக 64 பேட்ச் கொண்ட தளவரிசை ஒன்றையும் என் முதுகலை ஆய்வுக்காக வடிவமைத்து, செய்து, அளந்து முடித்திருக்கிறேன். மூன்று மாத வேலை என்று நினைத்துத் தொடங்கியது பதினொரு மாதம் இழுத்தது. அந்தக் கூடுதல் எட்டு மாதங்களில் கணக்கு தவறியதால் போனது மிகக் குறைவு. ஒன்றை அளக்காமலேயே சரி என்று எடுத்துக்கொண்டதால் போனதுதான் மிகுதி.

கணக்கைப் பொறுத்தவரை ஒரு மாலை போதுமானதாக இருந்தது. அலைநீளம் 51.7 மிமீ, பேட்ச்களின் இடைவெளி அதில் பாதி, வீச்சைப் பங்கிட டால்ஃப் 1946இல் தந்த செபிஷெவ் முறையில், மெயின் பீமுக்கு (குறிவைத்த திசையில் எழும் முதன்மைக் கற்றைக்கு) வெளியே சிந்தும் சைடு லோப் அதைவிட 30 டெசிபெல் கீழே, அதாவது −30. நடுவிலிருந்து ஓரம் வரை வீச்சு 1, 0.812, 0.519, 0.262. சம வீச்சில் 12.8 டிகிரியாக இருக்கும் மெயின் பீம் இதனால் 16 டிகிரிக்குச் சற்று மேல் விரியும், டைரக்டிவிட்டியில் (ஆற்றலை ஒரே திசையில் குவிக்கும் திறனில்) முக்கால் டெசிபெல் போகும். இவற்றை ஏற்றுக்கொண்டு பலகையை அச்சிடுவதற்கான ஜெர்பர் கோப்புகளை அனுப்பிவிட்டேன்.

முதல் அடி சிறியது. வந்த பேட்ச்கள் 5.8க்குப் பதிலாக 5.93இல் ஒத்ததிர்ந்தன. எஃப்ஆர்-4 என்ற சாதாரண மின்சுற்றுப் பலகையின் மின்காப்பு மாறிலி 4.4 என்று பாடப்புத்தகம் சொன்னதை நம்பி 11.75 மிமீ நீளம் வைத்திருந்தேன். எனக்கு வந்த பலகைக்கோ, அளந்த அதிர்வெண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், 4.2 என்று வந்தது. ஒற்றைப் பேட்ச் ஒன்றை முதலில் செய்து அளந்துவிட்டு, அதே பலகைக் கட்டிலிருந்தே மீதியையும் வெட்டித் தரச் சொல்லுங்கள். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு யாரும் இல்லை. மூன்று வாரமும் ஒரு பலகையின் விலையும் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது அடியைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. சமிக்ஞையை எட்டாகப் பிரிக்கும் டிவைடரிலிருந்து, கட்டத்தை (அலை தன் சுழற்சியில் இருக்கும் நிலையை) மாற்றிப் பீமைத் திருப்பும் எட்டு டிஜிட்டல் ஃபேஸ் ஷிஃப்டர்களுக்கும், அங்கிருந்து எட்டு பேட்ச்களுக்கும் கேபிள்கள் வேண்டும். கட்டம் பொருந்திய கேபிள்களைக் கேட்டு விண்ணப்பித்தேன். கொள்முதல் பிரிவில் இருந்தவர் விலைப்புள்ளியைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, எல்லாம் ஒரே நீளம்தானே, இதற்கு எதற்கு இவ்வளவு விலை?" என்று கேட்டார். நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், மூன்று விலைப்புள்ளிகள் இல்லாமல் கோப்பு நகராது என்றார். அந்தப் பொருளுக்கு விலை சொல்ல முன்வந்ததே ஒரு நிறுவனம்தான். ஐந்து வாரம் அலைந்த பிறகு, 30 செமீ என்று சீட்டு ஒட்டிய எஸ்எம்ஏ இணைப்பி கொண்ட சாதாரண கேபிள்களைக் கைக்காசில் வாங்கினேன். இதில் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சீட்டை அவர் நம்பியதைப் போலவேதான் நானும் நம்பினேன்.

அந்தக் கேபிளுக்குள் அலையின் வேகம் வெற்றிடத்தில் இருப்பதில் ஏறத்தாழ 0.69 பங்கு, ஆகவே உள்ளே அலைநீளம் 36 மிமீக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினால் கட்டம் பத்து டிகிரி நகர்ந்துவிடும். சைடு லோப் −30க்குப் பதிலாக −19இல் நின்றபோது நான் முதலில் பேட்ச்களுக்கு இடையிலான பரஸ்பரப் பிணைப்பையும், பிறகு ஓரப் பேட்ச்களையும், கடைசியில் என் நிரலையும் சந்தேகித்து மூன்று வாரத்தை வீணாக்கினேன். கேபிள்களை ஒவ்வொன்றாக, வீச்சையும் கட்டத்தையும் அளக்கும் நெட்வொர்க் அனலைசரில் மாட்டிப் பார்த்த அன்று மாலைதான், ஐந்தாவது கேபிள் மற்றவற்றைவிட 37 டிகிரி பிந்தியிருப்பது தெரிந்தது. மேசைமேல் படுக்கவைத்து அளவுகோலால் பார்த்தால், கண்ணுக்குப் பெரிதாகவே படாத நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த மிச்சம் அது. பாதைகளின் ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் மூலம்) கட்டப் பிழை 15 டிகிரி; எட்டு உறுப்புகளில் அந்த அளவு பிழை இருந்தால் சைடு லோப் தளம் சராசரியாக −20 டெசிபெல்லுக்கு ஏறிவிடும் என்பது நான்கு வரிக் கணக்கு. அந்தக் கணக்கைப் பலகைக்கு ஆணை கொடுப்பதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

தீர்வு எளிதாகவே இருந்தது. ஒவ்வொரு பாதையின் கட்டத்தையும் பேட்ச் இணைப்பு வரை அளந்து, அந்த வேறுபாட்டை ஃபேஸ் ஷிஃப்டரின் அட்டவணையிலேயே கழித்துவிட்டேன். 6 பிட் ஷிஃப்டரின் ஒரு படி 5.625 டிகிரி என்பதால் அதனால் மிஞ்சும் பிழை சிறிதுதான். சைடு லோப் −27க்கு இறங்கியது. அளந்த பிறகு கேபிளைக் கழற்றி மாட்டினாலோ வளைத்தாலோ அட்டவணை கெட்டுவிடும். ஆகவே எண் எழுதி, பலகையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இவ்வளவும் கற்ற தெம்பில் தளவரிசைக்குப் போனேன். தனித்தனியாக 64 இணைப்புகள் என்பது கட்டுப்படியாகாது என்பதால், எட்டு நெடுவரிசைகளுக்குள் மின்னோட்டப் பாதைகளைப் பலகையிலேயே அச்சிட்டு, கிடைத்திசையில் மட்டும் பீமைத் திருப்புவது என்று முடிவு செய்தேன். அரை அலைநீளமான 25.9 மிமீக்குள் பேட்ச்சின் அகலமே 15.7 மிமீ, மிஞ்சிய பத்து மிமீயில் 3 மிமீ அகலப் பாதைகளும் பிரிவுகளும் ஒன்றையொன்று உரசாமல் அடங்கவில்லை. இடைவெளியை 0.7 அலைநீளத்துக்கு, அதாவது 36.2 மிமீக்கு, அகட்டினேன். டைரக்டிவிட்டியும் 23இலிருந்து 26 டெசிபெல்லுக்குக் கூடியதில் மகிழ்ச்சிகூட அடைந்தேன்.

நேர்வரிசைக்கு எழுதிய நிரலையே பயன்படுத்தி, 30 டிகிரி திருப்பிய வரைபடத்தைப் பார்த்தேன், ஓரத்தில் கோடு ஏறுவதைப் பொருட்படுத்தாவிட்டால் அழகாக இருந்தது. பலகை வந்து, சேம்பரில் (அலைகள் எதிரொலிக்காத அளவீட்டு அறையில்) வைத்துச் சுழற்றியபோது, −68 டிகிரியில் மெயின் பீமைவிட 7 டெசிபெல் மட்டுமே குறைவான இன்னொரு பீம் எழுந்து நின்றது. சைன் 30இலிருந்து 1/0.7ஐக் கழித்தால் −0.93, அதன் கோணம் −68 டிகிரி. இரண்டாமாண்டில் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய கிரேட்டிங் லோப் (இடைவெளி அதிகமானால் எழும் இன்னொரு பீம்) சூத்திரம்தான் அது. நிரல் அதை ஒளிக்கவில்லை. நேர்வரிசையில் ஓரங்களில் பார்க்க ஒன்றுமில்லை என்று வரைபடத்தின் கிடை அச்சை ±60 டிகிரியோடு வெட்டி வைத்திருந்தது நானே. எந்த வடிவமைப்பாக இருந்தாலும் ±90 முழுவதையும் வரையுங்கள். சூத்திரப்படி இந்த இடைவெளியில் 25 டிகிரி வரை திருப்பலாம் என்றாலும், உச்சி நுழைவதற்கு முன்பே அந்த லோபின் தோள் உள்ளே வந்துவிடுவதால், 20க்கு மேல் நான் போகவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதே சேம்பரில் அளக்கும் ஆன்டெனாவுக்கும் என் ஆன்டெனாவுக்கும் இடையே தூரம் 2 மீட்டர். நேர்வரிசைக்குத் தேவைப்பட்ட தொலைப்புலத் தூரம் (வடிவத்தைச் சரியாக அளக்கக் குறைந்தது இருக்க வேண்டிய தூரம்) 1.66 மீட்டர் என்பதால் அது போதுமானதாக இருந்தது. அந்த எண் மனதில் ஒட்டிக்கொண்டது. தளவரிசையின் பக்கம் 29 செமீ. அந்தத் தூரம், அணியின் அகலத்தின் வர்க்கத்தை இரட்டித்து அலைநீளத்தால் வகுத்தால் வருவது என்பதால் 3.25 மீட்டர் வேண்டும், மூலைவிட்டத்தைக் கணக்கில் எடுத்தால் 6.5 மீட்டர். சேம்பருக்காகத் துறைத்தலைவரின் கடிதம், முத்திரை, இரண்டு வாரக் காத்திருப்பு, இரவுப் பேருந்து எல்லாம் முடிந்து அங்கே போய் நின்ற பிறகு, லோப்களுக்கு இடையே இருக்க வேண்டிய 'நல்' (null) என்ற பள்ளங்கள் நிரம்பி, முதல் சைடு லோப் மெயின் பீமின் தோளாக ஒட்டிக்கொண்டிருந்த வரைபடத்தோடு திரும்பினேன்.

இரண்டாம் முறை போனபோது முழு அணியை ஒன்றாக அளக்கவில்லை. ஒரு நெடுவரிசையை மட்டும் இயக்கி, மற்ற ஏழையும் 50 ஓம் சுமைகளில் முடித்து, வீச்சும் கட்டமுமாக எட்டு வடிவங்களை எடுத்துக்கொண்டேன். சுழல் அச்சிலிருந்து ஒவ்வொரு நெடுவரிசையும் விலகியிருப்பதால் வரும் பாதை வேறுபாட்டைக் கணக்கில் திருத்தி, எட்டையும் கணினியில் கூட்டினேன். கிடைத்தளத்தில் பள்ளங்கள் திரும்ப வந்தன. எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் என்ன ஆகும் என்பதை வீட்டிலிருந்தபடியே பார்க்கவும் முடிந்தது. ஓரத்து நெடுவரிசை இரண்டும் நடுவில் உள்ளவற்றைப் போல நடந்துகொள்ளவில்லை என்பதும் அப்போதுதான் எண்களில் தெரிந்தது. ஏழு சுமைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அங்கே இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

இந்த முறையில் வடிவம் சரியாகக் கிடைக்கும், கெயின் (இழப்புகளையும் கழித்த பிறகு மிஞ்சும் உண்மையான குவிப்பு) கிடைக்காது. அதை எங்கள் துறைக் கட்டடத்தின் மொட்டைமாடியில், எட்டு மீட்டர் தள்ளி, கெயின் முன்பே தெரிந்த ஒரு ஸ்டாண்டர்ட் ஹார்ன் ஆன்டெனாவோடு ஒப்பிட்டு, சம வீச்சில் அளந்தேன். 26ஐ எதிர்பார்த்த இடத்தில் 20.5 வந்தது. எஃப்ஆர்-4இல் இந்த அதிர்வெண்ணில் மின்காப்பு இழப்பு மட்டுமே சென்டிமீட்டருக்கு 0.17 டெசிபெல் என்பதையும், நெடுவரிசைக்குள் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் பாதை 12 செமீக்கு மேல் என்பதையும் அன்று மாடிச் சுவரில் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். அடுத்த பலகைக்கு இழப்பு குறைந்த லாமினேட் பலகை கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். மூன்று விலைப்புள்ளிகளும் இந்த முறை முதலிலேயே இணைத்தாகிவிட்டது.