குளியலறைத் தராசில் சகாரா

எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்க வேண்டிய எடை மெஷின் மூன்று வாரமாகக் கீழே கார் பார்க்கிங்கில் கிடக்கிறது. டீசல் டின், தண்ணீர் கேன், ஜாக்கி, மண்வெட்டி என்று ஒவ்வொன்றாக அதில் ஏற்றி நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாட்ரிட்வாசிகள் நாசூக்கானவர்கள். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் லிஃப்டுக்குப் போய்விடுகிறார்கள்.

திட்டம் இதுதான். டிசம்பரில் கப்பலில் மொராக்கோ போய், அட்லாண்டிக் கரையோடு தெற்கே இறங்கி, மொரித்தானியாவின் நுவாதிபூ. அதுவரை தார் ரோடு. அங்கிருந்து கிழக்கே, இரும்புத் தாது ரயில் பாதையை ஒட்டி ஷூம் என்ற ஊர் வரை சுமார் 460 கிலோமீட்டர் மணல். பிறகு தெற்கே திரும்பி 120 கிலோமீட்டர் போனால் அதார். என்னிடம் இருப்பது 1996 மாடல் லேண்ட் குரூசர். கூட இன்னொரு வண்டி வருகிறது. லியோனில் இருக்கும் பழைய ஹாஸ்டல் நண்பனுடையது. ஒற்றை வண்டியில் அங்கே போகிறவனுக்கு என் வீட்டில் சோறு கிடையாது என்று மனைவி சொல்லிவிட்டாள். நியாயம்தான்.

பயத்தில் முதலில் போட்ட பட்டியல் இது: டீசல் ஆறு டின், தண்ணீர் 140 லிட்டர், ஸ்பேர் டயர் மூன்று. அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போன மார்ச்சில் மொராக்கோவின் மெர்சூகாவில், எர்க் செபி மணல்மேட்டில் ஒத்திகை பார்த்தேன். இருநூறு மீட்டர்கூடப் போகவில்லை. பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கிவிட்டன. டின்களில் பாதி கூரைமேல் வேறு, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இறக்கி, தோண்டி, சக்கரத்துக்கு முன்னால் தகடு போட்டு, திரும்ப ஏற்றி முடிக்க மூன்றரை மணி நேரம். அதில் குடித்த தண்ணீர் மட்டும் நாலு லிட்டர்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பாலைவனத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "மேல எதுக்குடா பாரம் ஏத்துன?" என்றார், அவ்வளவுதான்.

அதனால் கணக்கைத் திரும்பப் போட்டேன். மணலில் என் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 20 லிட்டர் குடிக்கும். ஷூம் வரை 92, அதற்கப்புறம் ஒரு 17, ஆக 109. முப்பது சதவீதம் கையிருப்பு சேர்த்தால் 142. வண்டி டாங்க் 95. மூன்று டின் போதும். டீசல் நிரம்பிய ஒரு டின் தராசில் 21 கிலோ காட்டுகிறது. மூன்றைக் கழித்தால் 63 கிலோ மிச்சம். தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு லிட்டர், இரண்டு பேர், நாலு நாள், 48. அதை 80 ஆக்கிவிட்டேன். எல்லாம் பின்சீட்டைக் கழற்றிய இடத்தில், தரையோடு தரையாக.

தண்டவாளம் கூடவே வரும்போது வழி எப்படித் தவறும் என்று நினைத்திருந்தேன். நுவாதிபூ வழிகாட்டி ஒருவர் வாட்ஸ்அப்பில் அந்த நினைப்பைக் கலைத்தார். பாதையை நெருங்கி ஓட்டினால் உடைந்த தண்டவாளத் துண்டுகள் டயரைக் கிழித்துவிடும். வடக்கே தாண்டினால் மேற்கு சகாரா எல்லை. பழைய கண்ணிவெடிகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. தெற்கே அதிகம் விலகினால் மணல்மேடுகள். இவற்றுக்கு நடுவில் உள்ள பட்டையில் போக வேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு விலகுவது என்பதுதான் அவர் தொழில். அவரும் வருகிறார். அவருடைய எழுபது கிலோவுக்கு நோட்டில் மறுபேச்சு இல்லாமல் இடம் கொடுத்தேன்.

சக்கரக் காற்று விஷயத்தில் அவர் பேச்சு ஒரே வரி: சிக்கிய பிறகு இறக்குகிறவன் தாமதமாக இறக்குகிறான். தார் ரோட்டில் 2.5 பார் இருக்கும் காற்றை மணல் தொடங்கும்போதே 1.2க்குக் கொண்டுவர வேண்டும். டயர் பிதுங்கி, தடம் அகலமாகி, வண்டி மணல்மேல் மிதக்கும். திரும்ப நிரப்ப கம்ப்ரஸர் கட்டாயம். உச்சிவெயிலில் மேடு ஏறக் கூடாதாம். நிழல் குறைவாக விழுவதால் மேட்டின் மறுபுறம் சரிவா பள்ளமா என்று கண்ணுக்குத் தெரியாது. மதியம் சமையல், தூக்கம்.

இந்த ரயில் பாதை 1963இல் ஓடத் தொடங்கியது. சுவேராத் சுரங்கத்திலிருந்து நுவாதிபூ துறைமுகம் வரை சுமார் 700 கிலோமீட்டர், ரயிலின் நீளமே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். ஷூம் அருகே ஒரு வேடிக்கை இருக்கிறது. அப்போது ஸ்பெயின் வசமிருந்த மேற்கு சகாராவின் மூலையைத் தொடாமல் போவதற்காக, கருங்கல்லைக் குடைந்து கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டருக்குச் சுரங்கவழி போட்டார்கள். இப்போது ரயில் அந்த மூலையின் குறுக்கேயே போகிறது. சுரங்கவழி சும்மா கிடக்கிறது. எனக்கு இந்தப் பயணத்தில் மணலைவிட அதைப் பார்க்கத்தான் ஆசை.

பாதுகாப்பைப் பற்றி அம்மா கேட்காத நாளில்லை. 2007 டிசம்பரில் அந்நாட்டின் தெற்கே அலேக் அருகே நான்கு பிரெஞ்சுப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். அதனால் 2008 டக்கார் ராலி என்ற பாலைவன வாகனப் பந்தயமே ரத்தானது. அதற்கப்புறம் சாலையெங்கும் காவல் சாவடிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பாஸ்போர்ட், விசா, வண்டி எண் விவரம் எழுதிய ஒரு தாளைக் கொடுக்க வேண்டும். 'ஃபிஷ்' என்கிறார்கள். நாற்பது பிரதி எடுத்துவிட்டேன். 200 கிராம்.

நேற்று லியோன்காரன் தன் பட்டியலை அனுப்பினான். டீசல், தண்ணீர் எல்லாம் கிராம் சுத்தமாக இருந்தது. கடைசி வரி: 'தோசைக்கல், இரும்பு, 4 கிலோ.' போன் போட்டேன்.

"டேய், அலுமினியத்துல ஒண்ணு வாங்கிக்கலாம்டா."

"அதுல தோசை வராது. உன் ஸ்பேர் டயர் மூணுல ஒண்ணை இறக்கு."

இறக்கிவிட்டேன். டயர் 32 கிலோ இருந்தது.