படம் யாருடையது என்று கேட்டுக் கொழும்பைச் சுற்றிய கதை

கண்காட்சி முடிந்து ஓவியங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன, கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. பழைய ஃபோட்டோக்களை வைத்து ஓவியமோ கொலாஜோ செய்து கொழும்பில் காட்சிக்கு வைக்க யாராவது யோசித்தால் முதலில் இதை வாசியுங்கள். எனக்கு வரைந்த நேரத்தைவிடக் கையெழுத்துக்கு அலைந்த நேரம்தான் அதிகம்.

நான் எடுத்தாண்டவை மூன்று படங்கள். கொட்டாஞ்சேனையில் எப்போதோ மூடப்பட்ட ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த கல்யாணப் படம், புறக்கோட்டையில் சுமை தூக்கும் நாட்டாமைகள் வண்டி இழுப்பதைக் காட்டும் எண்பதுகளின் பத்திரிகைப் படம், பிறகு இலங்கையின் பழைய புகழ்பெற்ற ஃபோட்டோக்காரர் லயனல் வென்ட் எடுத்த ஒன்று. மூன்றையும் கன்வஸில் அச்சிட்டு அதன்மேல் வர்ணம் பூசினேன். மண்டபக்காரர்கள் நல்ல மனிதர்கள்தான், ஆனால் அவர்களுடைய சட்டத்தரணி ஒவ்வொரு படத்துக்கும் எழுத்தில் அனுமதி இல்லாமல் சுவரில் ஆணி அடிக்கவே விடமாட்டேன் என்று நின்றார்.

"முப்பது வீதம் மாத்தினா காணும் மச்சான், பிறகு அது உன்ர படம்" என்று சொல்லாத ஓவிய நண்பர் இல்லை. அப்படி ஒரு வீதக் கணக்கு நம் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படத்தைப் பிரதி செய்வது, தழுவி மாற்றுவது, பொதுவில் காட்சிக்கு வைப்பது எல்லாமே படைத்தவரின் உரிமை. நியாயமான பயன்பாடு என்று ஒரு விலக்கு உண்டு, ஆனால் எதற்காக எடுத்தாய், எடுத்தது எந்த மாதிரிப் படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அதனால் மூலப் படத்தின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்று பார்த்துத்தான் அதைத் தீர்மானிப்பார்கள். அந்தச் சட்டத்தரணி எனக்கு அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல் வழக்கையும் ஒப்புவித்தார். லின் கோல்ட்ஸ்மித் என்ற பெண் 1981இல் எடுத்த பாடகர் பிரின்ஸின் படத்தை வைத்து வோர்ஹோல் ஒரு தொடரே செய்திருந்தார். அதில் ஒன்றை 2016இல் ஒரு சஞ்சிகைக்குக் கொடுத்து அவருடைய அறக்கட்டளை 10,000 டொலர் வாங்கியது, கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு சதமும் இல்லை. 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கத் தீர்ப்பு இங்கே நம்மைக் கட்டுப்படுத்தாது என்றேன். "வோர்ஹோலுக்கே இந்தக் கதி, தம்பி" என்றார். அதற்குமேல் என்ன பேச?

வென்ட் படம் சுலபமாக முடிந்திருக்க வேண்டும். அவர் இறந்தது 1944இல். படைத்தவர் இறந்து 70 வருடம்வரைதான் பதிப்புரிமை, ஆக 2014 முடிவோடு யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நல்ல தெளிவான பிரதி ஒன்று வேண்டுமே என்று ஓர் அரச நிறுவனத்துக்குப் போனதுதான் வினை. நான் தமிழில் எழுதிக் கொண்டுபோன கடிதத்தை விரித்தும் பார்க்காமல் "சிங்களம் இல்லாட்டி இங்கிலிஷ்" என்று திருப்பித் தந்தார்கள். தமிழும் 1987இலிருந்து இந்த நாட்டின் அரச கரும மொழி, ஆனால் அதை அந்த மேசைக்கு யாரும் அறிவிக்கவில்லை போலிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு திரும்பவும் போனால், பிரதிக் கட்டணத்தோடு 'பதிப்புரிமைக் கட்டணம்' என்று இன்னொரு வரி. எந்த உரிமைக்கு, யாருடைய உரிமைக்கு என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். அந்த அம்மா உள்ளே போனார், நெடுநேரம் கழித்து வந்தார், அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டு ஸ்கான் பண்ணும் காசை மட்டும் எடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போகலாம் போலிருந்தது. ஆகவே கட்டணம் கேட்டால் சண்டை பிடிக்காதீர்கள், எதற்கென்று எழுத்தில் கேளுங்கள்.

கல்யாணப் படம் வேறு மாதிரி. படத்தில் இருக்கும் தம்பதியின் மகள் எனக்குத் தெரிந்தவர், அல்பத்தையே தூக்கிக் கையில் தந்து மனமார ஒரு கடிதமும் எழுதினார். சட்டத்தரணி அதை ஒதுக்கி வைத்துவிட்டார். கையில் இருப்பது கடதாசி, அது படத்தின் உரிமை ஆகாது, எடுத்தவரிடமோ அவர் போய்விட்டால் வாரிசுகளிடமோ கையெழுத்து வாங்கி வா என்றார். ஸ்டூடியோக்காரரின் மகளைத் தெஹிவளையில் தேடிப் பிடித்தேன். நெகட்டிவ்களை வெள்ளத்துக்குப் பிறகு எறிந்துவிட்டார்களாம், "எங்களிட்ட என்ன உரிமை இருக்கு தம்பி?" என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். அதைக் கொண்டு ஓடினால், அவருக்கு டொரன்டோவில் ஒரு தம்பி இருக்கிறாரே, அவருடைய கையெழுத்து எங்கே என்றார் சட்டத்தரணி. வட்ஸ்அப்பில் வந்த படம் செல்லாது, மூலக் கடிதம் வேண்டும் என்றார், அது தபாலில் வந்துசேர்வதற்குள் அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. வெளிநாட்டில் உடன்பிறப்பு இல்லாத குடும்பம் நம்மிடையே ஏது? முதல் நாளே "எத்தனை பேர் சகோதரங்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

இனி அந்தப் பத்திரிகைக் காரியாலயம். பெயர் வேண்டாம். வரவேற்பில் இருந்தவர் விளம்பரப் பிரிவுக்கு அனுப்பினார், அவர்கள் ஆசிரியர் பீடத்துக்கு, ஆசிரியர் லீவு, நூலகத்தில் கேள் என்றார்கள், நூலகத்தில் ஆசிரியரின் கையெழுத்து இல்லாமல் கோப்பைத் தொட முடியாது. நான் கொடுத்த கடிதம் தொலைந்தது. இரண்டாவது கடிதமும் தொலைந்தது என்றவுடன் கொப்பியில் திகதி முத்திரை குத்தித் தாருங்கள் என்று நின்றேன், அந்த முத்திரைக்குப் பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்கள். எழுதுவினைஞர் ஒருவர், "எங்கட பேப்பரில வந்ததெல்லாம் எங்கட சொத்து" என்று ஒரே வரியில் முடித்து ஒரு தொகை சொன்னார். என்னுடைய ஓவியம் விற்றாலும் அவ்வளவு வராது.

என்னைக் காப்பாற்றியது அந்த நூலகத்தில் இருந்த வயதான ஐயாதான். வெளியே தேநீர்க் கடைக்கு வந்தபோது மெல்லச் சொன்னார், அந்தப் படத்தை எடுத்தவர் சம்பளத்துக்கு இருந்த ஆள் இல்லை, படத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கியவர், இன்னும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறார் என்று. இது பெரிய வித்தியாசம். வேலையில் இருப்பவர் வேலையின் பகுதியாக எடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பொருளாதார உரிமை முதலாளிக்கு. வெளியாள் தானாக எடுத்து விற்றது என்றால், உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்க வேண்டும். பிரசுரித்ததற்குக் காசு கொடுத்தார்கள் என்பதால் மட்டும் படம் அவர்களுடையது ஆகிவிடாது.

ஃபோட்டோக்காரரைப் போய்ப் பார்த்தேன். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்றார். "இவ்வளவு காலத்தில ஒருத்தனும் வந்து கேட்டதில்ல தம்பி, மூணு கலண்டர்ல போட்டுட்டானுங்க" என்று ஏசிவிட்டு, காசு வேண்டாம், பெயரை மட்டும் சரியாகப் போடு என்றார். வற்புறுத்தி ஒரு தொகை கொடுத்தேன். அனுமதிக் கடிதத்தில் எந்தப் படம், எந்தக் கண்காட்சி, விற்கலாமா, அட்டவணைப் புத்தகத்திலும் இணையத்திலும் போடலாமா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக 'பயன்படுத்தச் சம்மதம்' என்று வாங்கினால் சட்டத்தரணி மறுபடியும் அனுப்புவார், என்னை அனுப்பினார்.

இன்னொன்று, தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவேட்டைத் தேடினால் யாருடைய படம் என்று தெரியும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வர்த்தகக் குறி, ஆக்கவுரிமை (பேட்டன்ட்) எல்லாம் அங்கே பதிவு செய்வார்கள், பதிப்புரிமைக்கு இலங்கையில் பதிவே கிடையாது, படைத்த கணமே வந்துவிடும். பஸ் காசு மிச்சம்.

கண்காட்சியில் நாட்டாமைப் படம் விற்றுப்போனது. அடுத்த வாரமே பத்திரிகைக் காரியாலயத்திலிருந்து மின்னஞ்சலில் பில் வந்தது, எழுதுவினைஞர் வாயால் சொன்ன தொகையைவிடக் கூட. ஃபோட்டோக்காரரோடு நீங்கள் செய்த எழுத்து ஒப்பந்தத்தின் பிரதியை அனுப்புங்கள், பார்த்துவிட்டுக் கட்டுகிறேன் என்று பதில் போட்டேன். இன்னும் அனுப்பவில்லை.