ஒரு கூத்தாடியின் பிள்ளை: ஃபெர்னான்டோ ஃபெர்னான் கோமெஸ்

பள்ளிக்கூடத்தின் முதல் நாளன்று, பயத்தில் கால்சட்டையை நனைத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளின் சிரிப்புக்கு அஞ்சி ஓடிப்போன ஒரு சிறுவனின் வீட்டைத் தேடி அவனுடைய வாத்தியாரே வந்து மன்னிப்புக் கேட்கிறார். ஸ்பெயினின் கலீசியாப் பகுதியில் 1936ஆம் ஆண்டில் நடக்கும் கதை அது. 'வண்ணத்துப்பூச்சிகளின் நாக்கு' என்று பொருள்படும் பெயரில் ஹோசே லூயிஸ் குவெர்தா இயக்கி 1999இல் வெளிவந்த அந்தப் படத்தில், வாத்தியார் தோன் கிரெகோரியோவாக நடித்த ஃபெர்னான்டோ ஃபெர்னான் கோமெஸுக்கு அப்போது வயது எழுபத்தெட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் அவருக்கு வசனமே கிடையாது. உள்நாட்டுப் போர் மூண்டுவிட, கைதிகளோடு கைதியாக அவர் லாரியில் ஏற்றப்படுகிறார். தங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஊரே அவரைப் பார்த்து வசை பாடுகிறது. அவர் உயிராய் நேசித்த அந்தச் சிறுவனும் சேர்ந்து கத்துகிறான். அவர் பார்க்க மட்டும் செய்கிறார். கோபமோ மன்றாட்டோ இல்லாத அந்தப் பார்வைதான் என்னை இந்த நடிகரின் வாழ்க்கையை முழுதாகத் தேடிப் படிக்க வைத்தது.

அவர் பிறந்ததே ஒரு நாடகச் சுற்றுப்பயணத்தின் நடுவில். தாய் கரோலா ஃபெர்னான் கோமெஸ் நடிகை. நாடகக் குழுவோடு தென்னமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தபோது, 1921 ஆகஸ்டு 28 அன்று பெரு நாட்டின் லிமாவில் பிள்ளையைப் பெற்றார். பிறப்பைப் பதிவுசெய்ததோ புவெனஸ் அயர்ஸில். ஆகவே, ஸ்பானிய நடிப்புக்கே முகமாக விளங்கிய இந்த மனிதர், சட்டப்படி அர்ஜென்டினாக் குடிமகனாகவே நெடுங்காலம் இருந்து, 1984இல்தான் ஸ்பானியக் குடியுரிமை பெற்றார். தந்தையும் நடிகர், அதுவும் சாதாரணக் குடும்பம் அல்ல. மத்ரித் நகரின் ஒரு அரங்கு இன்றும் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்தப் பேர்பெற்ற நடிகை மரியா கெரேரோவின் மகன் அவர். இரு வீட்டுக்கும் கல்யாண உறவு அமையவில்லை. மரியா கெரேரோ அதற்கு இடம் கொடுக்கவில்லை. தாய் வேலைக்காக ஊர் சுற்ற, பிள்ளையை மத்ரிதில் வளர்த்து ஆளாக்கியவர் தாய்வழிப் பாட்டி.

ஸ்பானிய மொழியில் நடிகர்களைக் குறிக்கும் பழைய சொல் 'கோமிகோ'. நம் மொழியில் 'கூத்தாடி' என்ற சொல்லுக்குள் தொழிலின் பெருமையும் ஊராரின் ஏளனமும் ஒருசேர ஒலிப்பதைப்போல, அந்தச் சொல்லிலும் இரண்டும் கலந்து ஒலிக்கும். ஃபெர்னான் கோமெஸ் அந்தச் சொல்லைக் கூச்சமின்றித் தனக்குச் சூட்டிக்கொண்டவர். தாயின் சூட்கேஸ்களையும் வாடகை அறைகளையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, நடிப்பு என்பது கனவாக அல்ல, வீட்டில் அடுப்பெரிய வைக்கும் வேலையாகவே முதலில் அறிமுகமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1936இல் வெடித்தபோது அவருக்குப் பதினைந்து வயது நிறையவில்லை. முற்றுகையிடப்பட்ட மத்ரிதில், அராஜகவாதத் தொழிற்சங்கமான சி.என்.டி. நடத்திய நடிப்புப் பள்ளியில் சேர்ந்து பயின்று, 1938இல் தொழில்முறை மேடையில் கால்வைத்தார். போர் முடிந்த பிறகு அவரைக் கண்டெடுத்தவர் நகைச்சுவை நாடகாசிரியர் என்ரிகே ஹார்தியேல் பொன்செலா. செம்பட்டைத் தலையும் நெடுநெடு உயரமும் கொண்ட அந்த இளைஞனைப் பார்த்து, 1940களின் தொடக்கத்தில் தன் நாடகத்தில் ஒரு துணைப் பாத்திரம் கொடுத்தார். 1943இல் சினிமா வந்தது. கடற்படை மாணவர்களின் கதை, போர்வீரன் பாதிரியாராகும் கதை என்று போரில் வென்ற சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக்கால ரசனைக்கு ஏற்ற படங்கள் அவரை நாடறிந்த முகமாக்கின. 1945இல் பாடகி மரியா டோலோரெஸ் பிரதேராவை மணந்தார். பிற்காலத்தில் நடிகை எம்மா கோஹென் அவருடைய துணையானார். ஹிஹோன் என்ற புகழ்பெற்ற காப்பிக் கடையில் எழுத்தாளர்களோடு இரவு முழுவதும் பேசிக் கழித்த அவர், அந்தக் கடையின் பெயரிலேயே 1949இல் குறுநாவலுக்கு ஒரு பரிசை நிறுவினார். அந்தப் பரிசு அவருடைய காலத்துக்குப் பின்னும் தொடர்கிறது.

நடித்த படங்கள் இருநூறை ஒட்டி வரும். அவற்றில் பல வெறும் பிழைப்புக்காக ஒப்புக்கொண்டவை. இதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. வந்த வேலையைத் தட்டாமல் செய்த அந்தப் பழக்கம்தான், நல்ல வேலை வந்தபோது கை தயாராக இருக்கும்படி செய்தது. 1973இல் விக்தோர் எரிஸே இயக்கிய 'தேன்கூட்டின் ஆவி' அதற்குச் சான்று. போர் முடிந்த கையோடு, காஸ்தீலியச் சமவெளியின் ஒரு குக்கிராமத்தில் தேனீ வளர்க்கும் தந்தை அவர். பேச்சு மிகக் குறைவு. ஒரு காட்சியில் இரண்டு பெண் பிள்ளைகளையும் காட்டுக்குக் காளான் பொறுக்க அழைத்துச் செல்கிறார். எது நல்லது, எது நஞ்சு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தவர், நச்சுக் காளான் ஒன்றின் முன் நின்று, அதன் ஆபத்தைச் சொல்லி முடித்த பின், பூட்ஸ் காலால் அதை நசுக்குகிறார். கனிவான அந்த மனிதனுக்குள் போர் எதை விட்டுச் சென்றிருக்கிறது என்பதை அந்த ஒரு மிதியில் காட்டிவிடுகிறார். மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய குரலோடு தொழில் கற்றவர் அதே குரலை இவ்வளவு மடித்து வைத்துக்கொள்ளவும் கற்றிருந்தார்.

இயக்குநராக அவர் பட்ட பாடு தனி. 'உலகம் தன்போக்கில் போகிறது' என்று பொருள்படும் 'எல் முன்டோ சிகே' படத்தை 1963இல் எடுத்தார். மத்ரித் நகரில் வறுமையும் பணவெறியும் ஒரு குடும்பத்தைத் தின்பதைக் கண்ணை விலக்காமல் காட்டும் படம். தணிக்கை அதை விரும்பவில்லை. 1965இல் பில்பாவோவில் பெயருக்குத் திரையிடப்பட்டு மறைந்த அந்தப் படம், முறையாகத் திரையரங்குகளுக்கு வந்தது 2015இல், இயக்குநர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து. அதை அடுத்து எடுத்த, 'விசித்திரப் பயணம்' என்று பொருள்படும் 'எல் எஸ்த்ராஞோ வியாஹே' படமும் ஆண்டுக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தது. இவ்விரண்டையும் இன்று ஸ்பானிய சினிமாவின் தலைசிறந்த படங்களில் சேர்த்துப் பேசுகிறார்கள். படைத்தவர் நடுவயதில் கேட்க வேண்டிய பாராட்டு அது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

எழுத்தாளராக அவர் அடைந்த உச்சம் 1982இல் மத்ரிதின் தியேட்ரோ எஸ்பாஞோல் அரங்கில் மேடையேறிய 'சைக்கிள்கள் கோடைக்கானவை' நாடகம். கோடை விடுமுறைக்கு சைக்கிள் கேட்கும் சிறுவன், அதற்குள் மூண்டுவிடும் போர், பட்டினி கிடக்கும் குடும்பம். அதில் பருப்புக் குழம்பு வைத்த பானையில் நாளுக்கு நாள் அளவு குறைவதைக் கண்டு வீட்டார் கூடி விசாரிக்க, 'நான் ஒரே ஒரு கரண்டிதான் எடுத்தேன்' என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொள்ளும் காட்சி உண்டு. சிரித்துக்கொண்டே வாசிக்கத் தொடங்கி, பாதியில் தொண்டை அடைத்து நிறுத்தினேன். போர் ஓய்ந்ததும் தந்தை மகனிடம் சொல்வது, வந்திருப்பது சமாதானம் அல்ல, வெற்றி என்பதை. தோற்ற பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலிருந்த தூரம், ஃபிராங்கோ ஆண்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்.

ஆனால் அவரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் 1986இல் வந்த 'எங்கும் போய்ச் சேராத பயணம்' படத்தையே காட்டுவேன். முதலில் வானொலித் தொடராகவும் பிறகு நாவலாகவும் அவர் எழுதிய கதை. கிராமம் கிராமமாக நடந்துபோய் நாடகம் போடும் ஒரு குழு, சினிமா வந்து பார்வையாளர்களைப் பறித்துக்கொள்ள, கண்ணெதிரே கரைந்துபோகிறது. குழுவின் கிழவர் தோன் அர்துரோவாக அவரே நடித்திருக்கிறார். அந்தப் பக்கமாகப் படப்பிடிப்புக்கு வந்தவர்கள் கிழவருக்கு ஒரு சின்ன வேடம் கொடுக்கிறார்கள். கேமரா ஓடத் தொடங்கியதும், வாழ்நாளெல்லாம் பேசிப் பழகிய மேடைக் குரல் முழங்குகிறது. இயல்பாகப் பேசச் சொல்கிறார்கள். மறுபடியும் அதே முழக்கம். எத்தனை முறை எடுத்தாலும் அவருக்குத் தெரிந்த கலை அது ஒன்றுதான். அதையே பிழை என்கிறார்கள். கேமராவுக்கு முன் எப்படி அடங்கி நிற்பது என்பதை நாட்டிலேயே நன்றாக அறிந்திருந்த ஒருவர், அது கைவராத தன் முன்னோர்களில் ஒருவராக நின்று, அவர்களை ஒரு நொடியும் கேலிக்கு விட்டுக்கொடுக்காமல் நடித்திருக்கிறார். அந்தக் கிழவரில் தன் தாயின் தலைமுறை முழுவதையும் அவர் வணங்கினார் என்றே நான் வாசிக்கிறேன்.

1987இல் ஸ்பானிய சினிமாவுக்கான கோயா விருதுகள் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, சிறந்த படம், இயக்கம், திரைக்கதை மூன்றும் இந்தப் படத்துக்குச் சென்றன. வேறொரு படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதும் அவருக்கே கிடைத்தது. விழாவுக்கு அவர் வரவில்லை. பெர்லின் திரைப்பட விழாவில் நடிப்புக்காக இரண்டு முறை வெள்ளிக் கரடியும், 2005இல் கௌரவத் தங்கக் கரடியும் பெற்றார். விருதுகளைவிட எனக்கு நெகிழ்ச்சி தருவது, 2000ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழியின் அரச கழகத்தில் 'பி' (B) எழுத்துக்குரிய இருக்கையில் அவர் அமர்ந்தது. பிறப்புப் பதிவுகூட ஒழுங்காக அமையாத ஒரு நாடகக்காரியின் மகன், அந்த மொழியின் சொற்களுக்குக் காவலராகப் போய் உட்கார்ந்தார்.

2007 நவம்பர் 21 அன்று மத்ரிதில் அவர் காலமானார். உடலைத் தேவாலயத்தில் வைக்கவில்லை. 'சைக்கிள்கள்' நாடகம் முதன்முதலில் நடந்த அதே தியேட்ரோ எஸ்பாஞோல் அரங்கில் வைத்தார்கள். பெட்டியின்மேல், அவர் பயின்ற நடிப்புப் பள்ளியை நடத்திய அராஜகவாதிகளின் சிவப்பு கறுப்புக் கொடி விரிக்கப்பட்டிருந்தது. மக்கள் வரிசையாக வந்து பார்த்துச் சென்றார்கள்.