எட் ஷீரன் பாடிய அந்த நெருப்போரம்

2017 ஜூலையில் கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவி தொடரின் 7வது சீசன் முதல் எபிசோடை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாமா வீட்டு ஆஸ்ட்ரோ டிவியில் பார்த்தோம். கதையின் நாயகிகளில் ஒருத்தியான ஆர்யா குதிரையில் வருகிறாள், காட்டுக்குள் பாட்டுச் சத்தம், பார்த்தால் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எதிரிகளான லானிஸ்டர் குடும்பத்துச் சிப்பாய்களில் ஒருவராகப் பாடகர் எட் ஷீரன்! தங்கச்சி மைலோ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, அவரேதான்!" என்று கத்தினாள்.

ஆர்யாவாக நடித்த மேசி வில்லியம்ஸ் எட் ஷீரனின் ரசிகை. மேசிக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கத்தான் தயாரிப்பாளர்கள் இதைச் செய்தார்கள். அப்புறம் நிறைய பேர் திட்டினார்கள், எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்தது. எதிரிப் படையாட்கள், ஆனாலும் சுட்ட முயலில் அவளுக்கும் பங்கு கொடுக்கிறார்கள், ஒருவன் ஊரில் பிறந்த தன் குழந்தையைப் பற்றிப் பேசுகிறான். செம்பனைத் தோட்டத்தில் வேலை முடிந்ததும் எங்கள் மாமாக்களும் இப்படித்தான் உட்கார்ந்து பேசுவார்கள்.