சின்ன லேப்டாப்புக்கு ரேம் மாற்றிய கதை: ஸ்டிக்கரில் பார்க்க வேண்டியது என்ன?

குன்னூரில் இருந்துகொண்டு ரேம் வாங்குவது பெரிய வேலை இல்லை. பொருந்தாத ரேமைத் திருப்பிக் கொடுப்பதுதான் பெரிய வேலை. கோவையில் வாங்கியிருந்தால் 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும், ஒரு நாள் போய்விடும். ஆன்லைனில் வாங்கியிருந்தால், திருப்பி எடுக்க வரும் கூரியர்காரருக்காக மழைக்காலத்தில் எத்தனை நாள் காத்திருப்பது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் சரிபார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பணம் கட்டும் முன்பே சரிபார்த்துவிடுவதுதான் எங்கள் வழக்கம்.

இந்த முறை கைக்கு வந்தது 11.6 அங்குலத் திரை, இன்டெல் செலரான் என்3060, 4 ஜிபி ரேம், 32 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே ஒட்டிய சேமிப்பு) உள்ள லேப்டாப். குரோமில் நாலு டேப் திறந்தால் மூச்சு வாங்கும். அதை 8 ஜிபி ஆக்க வேண்டும்.

முதலில் ஸ்லாட் (ரேம் மாட்டும் இடம்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்ன லேப்டாப்புகளில் பாதிக்கு மேல் இங்கேயே கதை முடிந்துவிடும், ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், அதாவது ஈயம் உருக்கி ஒட்டியிருப்பார்கள். திறந்து பார்க்கத் தேவையில்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபாமன்ஸ், மெமரி என்று போனால் கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'எஸ்ஓடிம்' என்று வந்தால் பெரும்பாலும் கழற்றி மாட்டும் ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் சால்டர் செய்தது. சிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்து எல்பிடிடிஆர்3, எல்பிடிடிஆர்4 (மின்சாரம் குறைவாக எடுக்கும் ரேம் ரகங்கள்) என்று வந்தாலும் சால்டர் செய்ததாகவே வைத்துக்கொள்ளலாம். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' வரியில் 1 ஆஃப் 2 என்று இருப்பதை மட்டும் அப்படியே நம்பக் கூடாது. போர்டில் கனெக்டரே பொருத்தாமல் இடத்தை மட்டும் விட்டிருக்கும் மாடல்களிலும் சில நேரம் அப்படிக் காட்டும். எங்கள் லேப்டாப்பில் 1 ஆஃப் 1, எஸ்ஓடிம். அப்பாடா.

அடுத்தது உச்சவரம்பு. லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளை கொடுத்தால் 'மேக்ஸிமம் கெபாசிட்டி' என்று ஒரு எண் வரும். அது பயாஸ் (லேப்டாப்பைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) எழுதியவர் போட்டு வைத்த எண், பல நேரம் தப்பாக இருக்கும். பிராசஸர் மாடலை வைத்து இன்டெலின் தளத்தில் பார்ப்பதே நம்பகமானது. என்3060-க்கு 8 ஜிபி, ரகம் டிடிஆர்3எல், வேகம் 1600. பழைய ஆட்டம் என்270 நெட்புக் என்றால் டிடிஆர்2, 2 ஜிபியோடு சரி. அதில் 4 ஜிபி போட்டுத் தாருங்கள் என்று இன்னமும் கேட்டு வருகிறார்கள். செலரான் என்4020 என்றால் டிடிஆர்4 அல்லது எல்பிடிடிஆர்4, 2400, இன்டெல் சொல்வது 8 ஜிபி.

இனிமேல்தான் பலரும் சறுக்கும் இடம். டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டுக்கும் 204 பின் (தங்கநிறத் தொடுமுனை). நடுவில் உள்ள வெட்டும் ஒரே இடத்தில். ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று சொகுசாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் டிடிஆர்3 கேட்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். என்3060 போன்ற பிராசஸர் போர்டுகள் 1.35 மட்டுமே தரும். 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் பவர் லைட் எரியும், ஃபேன் இருந்தால் ஒரு சுற்று சுற்றும், திரையில் ஒன்றும் வராது. 'எல்லாம் டிடிஆர்3 தாங்க' என்று கடையில் எடுத்துக் கொடுத்ததை வாங்கிவந்து ஒருமுறை இப்படித்தான் முழித்தோம். தலைகீழாகச் செய்தால் பிரச்சினை பெரும்பாலும் இல்லை, எல் வகை ரேம் 1.5 வோல்ட்டிலும் ஓடும்.

ஸ்டிக்கரில் பார்க்க வேண்டிய வரி இது: '8 ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ்'. 2ஆர்எக்ஸ்8 என்பது சில்லுகளின் அமைப்பு, அதைப் பிறகு பார்ப்போம். பிசி3-க்குப் பிறகு 'எல்' இருக்க வேண்டும். 12800 என்பது 1600-ஐ எட்டால் பெருக்கியது, அதாவது வேகம் 1600. கடைசி 'எஸ்' லேப்டாப் அளவைக் குறிக்கும். டிடிஆர்4-இல் இதே கணக்குப்படி 2400-க்கு 19200, 2666-க்கு 21300, 3200-க்கு 25600. வேகம் கூடுதலாக உள்ளதை வாங்கினால் கெடுதல் இல்லை, போர்டின் வேகத்துக்கு இறங்கி ஓடும். டிடிஆர்4-க்கு 260 பின், வெட்டும் வேறு இடத்தில் இருப்பதால் தப்பாக மாட்டவே முடியாது.

பழைய ரேம் வாங்குகிறீர்கள் என்றால் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், ஸ்டிக்கர் ஒட்டுவது யாருக்கும் எளிது. ரேமில் உள்ள கறுப்புச் சில்லின் (சிப்) மேல் உள்ள எழுத்தைப் பாருங்கள். மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஹைனிக்ஸ் சில்லில் 'ஹெச்5டிசி' என்று தொடங்கினால் 1.35 வோல்ட், 'ஹெச்5டிக்யூ' என்று தொடங்கினால் 1.5. அதற்கு அடுத்து வரும் 4ஜி என்பது ஒரு சில்லின் கொள்ளளவு, 4 ஜிகாபிட், அதாவது அரை ஜிபி.

அந்தக் கொள்ளளவும் முக்கியம். 8 ஜிபி டிடிஆர்3எல் இரண்டு விதமாக வரும். பக்கத்துக்கு 8 வீதம் 16 சில்லு இருந்தால் ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட், 2ஆர்எக்ஸ்8. மொத்தமே 8 சில்லு என்றால் ஒவ்வொன்றும் 8 ஜிகாபிட், 1ஆர்எக்ஸ்8. இன்டெலின் நான்காம் தலைமுறை வரையிலான போர்டுகள் இந்த 8 ஜிகாபிட் சில்லை ஏற்பதில்லை. 16 சில்லு உள்ளதைக் கேட்டு வாங்கினால் இந்தச் சந்தேகமே வராது, நாங்களும் அதைத்தான் வாங்கினோம். டிடிஆர்4-இல் 4 பெரிய சில்லு மட்டும் உள்ள 1ஆர்எக்ஸ்16 ரகம் மலிவாகக் கிடைக்கும். ஓடும், ஆனால் வேகம் ஒரு பொட்டு குறைவு. இரண்டு ஸ்லாட் உள்ள லேப்டாப்பாக இருந்தால் ஒரே 8 ஜிபியைவிட 4-ம் 4-ம் போடுவது மேல், கிராபிக்ஸுக்கு நன்றாகத் தெரியும்.

மாட்டும் வேலைக்கு மலையில் சில தனி விதிகள் உண்டு. ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் காற்று காய்ந்து கிடக்கும். கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறக்கிறதே, அதே மின்சாரம்தான் ரேமுக்கு எமன். ஸ்வெட்டர், சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு, யூஎஸ்பி துளையைச் சுற்றியுள்ள உலோகத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். விடிகாலையில் வேண்டாம். குளிரில் அடிமூடியின் பிளாஸ்டிக் கொக்கிகள் விறைத்து 'டக்'கென்று முறியும், விரலும் சொன்னபடி கேட்காது. வெயில் ஏறிய பிறகு உட்காருங்கள். குளிர்ந்த அறையில் கிடந்த லேப்டாப்பை ஹீட்டர் உள்ள அறைக்குக் கொண்டுவந்தால் உள்ளே நீர் கோக்கும், ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டுத் திறக்கவும்.

திருகுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, திருகு இருந்த இடத்திலேயே செல்லோடேப் போட்டு ஒட்டிவைப்போம். நீளத் திருகைக் குட்டைத் திருகின் துளையில் முறுக்கினால் டச்பேட் பக்கம் மேலே புடைத்துக்கொண்டு வரும். இரண்டு திருகு ரப்பர் காலுக்குள் ஒளிந்திருந்தன. எல்லாம் கழன்ற பிறகும் மூடி வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், எங்கோ ஒரு திருகு பாக்கி இருக்கிறது. கொக்கிகளை விலக்கப் பழைய ஏடிஎம் கார்டு போதும். மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி வயரைக் கழற்றுவது. அதன்பிறகு பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை விரட்ட வேண்டும்.

இரண்டு பக்கக் கிளிப்பையும் விரித்தால் பழைய ரேம் தானாகவே சாய்வாக எழும்பும். புதியதை அதே சாய்வில், சுமார் 30 டிகிரி, வெட்டைப் பார்த்து உள்ளே தள்ள வேண்டும். தங்கநிறப் பட்டை கிட்டத்தட்ட முழுவதும் மறைந்த பிறகுதான் கீழே அமுக்க வேண்டும். பாதி வெளியே தெரியும்போதே அமுக்கினாலும் சில ஸ்லாட்டில் கிளிப் மாட்டிக்கொள்ளும். லேப்டாப் மட்டும் கிளம்பாது.

எங்களுக்கும் முதல் தடவை திரை கறுப்பாகவே இருந்தது. பதற வேண்டாம், ரேம் மாறியதும் சில போர்டு அதைப் புதிதாகப் படித்துப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். ஒரு நிமிடம் பொறுத்தோம், வரவில்லை. கழற்றிப் பார்த்தால் ஸ்லாட் பின்களில் பாசி படிந்ததுபோல மங்கல். ஆறு மாதம் மேகத்துக்குள் இருக்கும் ஊரில் இது சகஜம். பலர் ரப்பரால் தேய்ப்பார்கள். அதன் துகள் ஸ்லாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் புதுத் தலைவலி. ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷில் தொட்டு ஸ்லாட்டையும் பட்டையையும் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு மறுபடி மாட்டினோம். வந்துவிட்டது. பயாஸில் 8192 எம்பி.

விண்டோஸில் 7.9 ஜிபி பயன்படும் என்று காட்டினால் சரி, மீதியை கிராபிக்ஸ் எடுத்துக்கொண்டது. 3 ஜிபி சொச்சத்தில் நின்றால் போட்டிருப்பது 32 பிட் விண்டோஸ், ரேமைக் குறை சொல்லிப் பயனில்லை.

இஎம்எம்சி 32 ஜிபி மட்டுமே உள்ள லேப்டாப்பில் இன்னொரு வம்பு உண்டு. ஹைபர்னேஷன் ஃபைல் (லேப்டாப்பை உறங்கவைக்கும்போது ரேமில் உள்ளதைச் சேமிக்கும் ஃபைல்) ரேம் அளவில் சுமார் 40 சதவீதம் இடம் பிடிக்கும், 8 ஜிபிக்கு 3.2 ஜிபி. ரேம் கூட்டியதும் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று விண்டோஸ் அழ ஆரம்பிக்கும். ஹைபர்னேஷனை அணைத்துவிட்டோம்.

கடைசியாக ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86+. யூஎஸ்பியில் போட்டு இரவு முழுவதும் ஓடவிட்டோம். கிளம்பாவிட்டால் பயாஸில் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்பை அணைக்க வேண்டியிருக்கும், அதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை மாட்டி, சார்ஜரிலும் செருகிவைத்துத்தான் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால், காற்று பலமாக அடித்து ஏதாவது மரம் கம்பியில் விழுந்து கரண்ட் போனால் சோதனை மறுபடி முதலில் இருந்து. ஒரே ஒரு பிழை சிவப்பில் வந்தாலும் அந்த ரேமை மாற்றித்தான் ஆக வேண்டும். அதனால் கடைக்காரர் தந்த பில்லையும் உறையையும் சோதனை முடியும்வரை தூக்கிப்போடவில்லை. பழைய 4 ஜிபி அதே உறையில் இருக்கிறது. அடுத்த முறை எந்த லேப்டாப் கறுப்புத் திரை காட்டினாலும் கோளாறு ரேமிலா ஸ்லாட்டிலா என்று பார்க்க உதவும்.